யப்பான் படத்தின் முடிவு

முழுதாகப் பார்த்த எத்தனையோ படங்கள் எனக்கு மறந்துபோய்விட்டன. அரைகுறையாகப் பார்த்த அந்த யப்பான் படம் மட்டும் மறக்கவில்லை. அதன் பெயர் தெரியாது. போரில் தோற்றுச் சில ஆண்டுகளுக்குள் யப்பான்காரர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், களவும் லஞ்சமும் கொலையும் உள்ள கதை என்று மட்டும் எங்கள் ரீச்சர் சொல்லியிருந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். ஜேர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில், முன்னொரு காலத்தில் நெசவாலைத் தொழிலாளர்கள் தங்கிய மூன்று மாடிக் கட்டடத்தில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஹைம் என்று நாங்களும் ஜேர்மன்காரர் மாதிரியே சொல்லுவோம். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. கிழமைக்கு இரண்டு தடவை சாப்பாட்டுப் பெட்டி வரும். மற்ற நேரமெல்லாம் விசாரணைக்கு எப்போது அழைப்பார்கள் என்று தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வந்த நாளிலிருந்து அகராதியும் கையுமாக இருந்து கொஞ்சம் ஜேர்மன் படித்திருந்தேன். அதனால் ஹைமில் இருந்த தமிழ் ஆட்களுக்கு நான்தான் எழுதுவினைஞன். அன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பத்துக்கு வைக்கும் வாக்குமூலத்தை அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் ஜேர்மனில் எழுதுவேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் ஜேர்மன்காரனுக்கு விளங்காது என்பது அப்போது என் எண்ணம். "ஆமி வந்தது, ஓடினம்" என்று ஒருவர் சொன்னால், நான் அதற்கு ஒரு கிழமை நாளும் ஒரு நேரமும் முதுகில் ஒரு அடியும் சேர்த்துவிடுவேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி என்று நினைத்தேன்.

என் அறையில் இருந்த அண்ணைக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு சின்ன நகரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர் என்று அவருடைய வாக்குமூலத்தில் எழுதியிருந்தேன். அவர் அப்படித்தான் சொன்னார். அதிகம் கதைக்க மாட்டார். போவதற்கு ஓரிடமும் இல்லாத அந்த நாட்களிலும் காலையில் முகம் மழித்து, போர்வையை மூலை பிசகாமல் மடித்து வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பார். மேல்மாடியில் இருந்த இளைஞர்கள் அரசியல் கதைத்துச் சத்தம் போட்டால் எழுந்து அறைக்கு வந்துவிடுவார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவருக்குக் கடிதமும் வருவதில்லை.

புதன்கிழமைகளில் எங்களுக்கு ஜேர்மன் படிப்பிக்க ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வருவார். அவரைத்தான் ரீச்சர் என்போம். பழைய கிடங்கு ஒன்றைத் திருத்திச் சிலர் நடத்திய சின்னப் படமாளிகையில் அவரும் உதவிக்கு நிற்பவர். அங்கே ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பழைய படங்கள் காட்டுவார்கள். ஒரு புதன்கிழமை என்னிடம் இரண்டு இலவச ரிக்கற் தந்தார்.

"கீழே ஜேர்மனில் எழுத்து ஓடும். வாசித்துப் பழகலாம். இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

மேல்மாடிக்காரர் எவரும் யப்பான் படத்துக்கு வரத் தயாராக இல்லை. அண்ணை மட்டும், "சும்மா இருக்கிறதுக்கு வாறன். ஆனா எனக்கு உந்த எழுத்து விளங்காது. நீர்தான் சொல்ல வேணும்" என்றார்.

அன்று மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. ஐம்பது அறுபது கதிரைகள் இருந்த மண்டபத்தில் பத்துப் பேர்கூட இல்லை. நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். நான் எழுத்தை வாசித்து வாசித்து அவருடைய காதுக்குள் தமிழில் சொன்னேன்.

எரிந்துபோன ஒரு துறைமுகப் பட்டினம். வீடுகள் இருந்த இடத்தில் தகரக் கொட்டில்கள். வெயிலில் எல்லாரும் வியர்த்துப்போய் இருக்கிறார்கள். அங்கே ஒரு பொலிஸ் நிலையம். அதில் முறைப்பாடுகளைப் பதிந்து எழுதுகிற ஒரு மெலிந்த ஆள். அவனுக்கு மேலதிகாரியான பெரியவனும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு வியாபாரியும் கூட்டு. ஆஸ்பத்திரிகளுக்கு என்று வருகிற துணி மூட்டைகள் கிடங்கிலிருந்தே கறுப்புச் சந்தைக்குப் போகின்றன. கிடங்குக் காவல்காரன் அதைக் கண்டுவிடுகிறான். அடுத்த காட்சியில் அவனுடைய பிரேதம் துறைமுகத் தண்ணீரில் மிதக்கிறது.

பெரியவன் எழுதுகிறவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறான். கீழே எழுத்து ஓடியது. நான் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம். விளங்குது" என்றார் அண்ணை.

எழுதுகிறவன் மேசையில் வந்து இருந்து, பேனாவை மையில் தொட்டு, எழுதத் தொடங்கினான். காவல்காரனின் பெயரை எழுதுவது திரையில் பெரிதாகத் தெரிந்தது.

"பிழை. முதல்லை நேரம் போட வேணும். நேரம் போட்டுத்தான் பெயர்" என்று அண்ணை சொன்னார். என்னிடம் சொன்னதுபோல இருக்கவில்லை.

சங்கக்கடை மனேச்சருக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. காவல்காரன் குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று பதிவாகிவிட்டது. செத்தவனின் மனைவி பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வந்து இருந்தாள். அவித்த வத்தாளைக் கிழங்கை ஒரு பெட்டியில் வைத்து விற்றாள். எழுதுகிறவன் காலையில் வரும்போதும் மாலையில் போகும்போதும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவன் கிட்டப் போய்க் கிழங்கு வாங்கப் பார்த்தான். அவள் பெட்டியை மூடினாள்.

அண்ணை எழும்பினார். ஆட்களின் முழங்கால்களைத் தாண்டுவதுபோல, ஒருவரும் இல்லாத வரிசையில் கால் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு வெளியே போனார். நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். அவர் திரும்பி வராததால் நானும் எழும்பிப் போனேன்.

ட்ராம் தரிப்பில், கூரையின் கீழ் இருந்த வாங்கில் தலையைக் குனிந்தபடி இருந்தார். தொப்பி போடவில்லை. தலைமயிரில் விழுந்திருந்த பனி தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"இரும்" என்றார்.

இருந்தேன். ஒரு ட்ராம் வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

"நான் சங்கக்கடையிலை இருக்கேல்லை. பொலிஸிலை இருந்தனான். பதினாறு வருசம்" என்றார்.

நான் சுற்றிப் பார்த்தேன். தமிழ் விளங்கக்கூடிய ஒருவரும் அங்கே இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே பொலிஸ் என்ற சொல் அப்படிப்பட்டது.

அவர் சொன்னதை நான் இடையில் மறிக்கவில்லை. அவர் வேலை செய்த நிலையத்தில் புத்தகத்தில் பதிகிற வேலை அவருக்கு. எழுத்து அழகு என்பதால் கொடுத்தார்கள். ஒருநாள் விடியற்காலை தையற்கடையில் வேலை செய்த ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு வயது. அன்று பின்னேரம் அவன் உயிரோடு இல்லை. உள்ளே என்ன நடந்தது என்பது அண்ணைக்குத் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கத்தில்தான் அவருடைய மேசை. பெரியவர் வந்து, அவன் முகம் கழுவக் கேட்டான், கிணற்றடிக்குக் கூட்டிப் போனபோது தப்ப நினைத்துக் குதித்தான், தண்ணீருக்குள் தாண்டு செத்துப்போனான் என்று எழுதச் சொன்னார்.

"எழுதினன். நேரம் போட்டு, பெயர் போட்டு, ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதினன். பிறகு அவன்ர தாய் வந்தா. ஒவ்வொரு நாளும் வருவா. நிலையத்துக்கு முன்னாலை, றோட்டுக்கு அங்காலை நிலத்திலை இருப்பா. அங்கை மேசையிலை தமிழன் எண்டு நான் ஒராள்தான். ஒருநாள் உள்ளுக்கு வந்து என்னட்டைக் கேட்டா, 'தம்பி, நீங்கள்தானே எழுதினது? என்ர பிள்ளை நல்லா நீந்துவான். எங்கட ஊர்க் கிணறெல்லாத்துக்கையும் இறங்கித் தூர் எடுக்கிறவன். அவன் எப்பிடித் தாண்டவன்?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எழுதினபடிதான் அம்மா நடந்தது எண்டு சொன்னன்."

 நனைந்த கையை முழங்காலில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு ஓடினார் என்பதும், ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் இயக்கங்கள் என்று இரண்டுக்கும் பயந்து வெளிக்கிட்டார் என்பதும் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. அன்று நாங்கள் ட்ராமில் ஏறாமல் ஹைம் வரைக்கும் நடந்தே வந்தோம். வாசலில் நின்று, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். இல்லை என்றேன். அந்தச் சொல்லை மட்டும் நான் காப்பாற்றினேன்.

அடுத்த மூன்று நாட்கள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முகமும் மழிக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். புதன்கிழமை நான் வகுப்புக்குப் போக வெளிக்கிட்டபோது எழும்பி இருந்தார்.

"ரீச்சரிட்டை ஒண்டு கேட்பீரோ? அந்தப் படத்திலை எழுதுறவன் கடைசியா என்ன செய்தவன் எண்டு."

வகுப்பு முடிய ரீச்சரிடம் கேட்டேன். அவர் கறுப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் அந்தப் படத்தின் கொடுமை. பெரியவன் பதவி உயர்ந்து தலைநகரத்துக்குப் போகிறான். எழுதுகிறவன் அவனுடைய கதிரையில் வந்து இருக்கிறான். வெள்ளைக் கோட்டுக்காரன் உள்ளே வந்து அவனுக்கு முன்னால் ஒரு உறையை வைக்கிறான். படம் முடிந்துவிடும். நீங்கள் ஏன் பாதியில் போனீர்கள்?"

நண்பருக்குத் தலையிடி என்றேன்.

வகுப்பு நடந்த கீழ்மாடியிலிருந்து எங்கள் அறைக்கு இரண்டு படிவரிசை. அதில் ஏறும்போது நான் எதையும் திட்டமிடவில்லை. கதவைத் திறந்தேன். அவர் கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து இருந்தார். மூன்று நாள் தாடி. அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வேறு கதை வந்துவிட்டது.

"அவன் போய்ப் பெரிய நீதவானிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டான் அண்ணை. எல்லாரையும் பிடிச்சிட்டினம். அந்த மனுசி கடைசியிலை அவனுக்குக் கிழங்கு குடுக்கிறா."

கிழங்கு கொடுத்ததையும் நானே சேர்த்தேன். வாக்குமூலங்களில் சேர்ப்பது போலத்தான்.

 அவர் எழும்பிச் சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். அன்றிரவு சோறும் பருப்பும் சாப்பிட்டார். ஒரு ஆளைத் தேற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோசம்.

இரண்டு கிழமையில் அவருக்கு விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்தது. எத்தனையோ மாதமாகக் காத்திருந்த கடிதம். நான் அவருடைய வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து வைத்து, கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுப் பழக்க வெளிக்கிட்டேன். எல்லாருக்கும் அப்படிச் செய்வேன்.

"சங்கக்கடை எந்தத் தெருவிலை இருந்தது எண்டு கேட்டால்..."

"அதை விடும்" என்றார். "நான் பொலிஸ்காரன் எண்டு சொல்லப்போறன். எழுதினதையும் சொல்லப்போறன்."

நான் பிரதியைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு என்ன விசரோ அண்ணை? எழுதிக் குடுத்தது ஒண்டு, வாயாலை சொல்லுறது ஒண்டு எண்டால் அதோடை சரி. பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டினம்."

"நம்பாட்டிப் பரவாயில்லை."

"மொழிபெயர்க்க வாறவரும் எங்கட ஆள்தான். ஒரு கிழமைக்குள்ளை மேல்மாடி வரைக்கும் கதை வந்திடும்."

"வரட்டும்."

"இஞ்சை சொல்லி என்ன பிரயோசனம்? இவங்களுக்கு அந்தத் தாயைத் தெரியுமோ, அந்தக் கிணத்தைத் தெரியுமோ?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "ஒரு கந்தோர்லை, ஒரு மேசைக்கு முன்னாலை சொல்ல வேணும் தம்பி. எழுதிற ஆள் எழுத வேணும். அவ்வளவுதான் எனக்கு" என்றார்.

படத்தின் முடிவு நான் சொன்னதல்ல என்று அந்த நேரம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார் என்ற பயம் ஒன்று. என்னைப் பொய்யன் என்று நினைப்பாரே என்ற வெட்கம் மற்றது. இரண்டில் வெட்கம்தான் கூட என்று இப்போது தெரிகிறது. டெர்மினுக்கு என்னையும் கூட வரச் சொன்னார். எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவர் தனியாகப் போனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு போய்ப் பின்னேரம் திரும்பி வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அங்கை எழுதுற பிள்ளை தட்டெழுத்திலை அடிச்சது. ஒரு இடத்திலை நிப்பாட்டி, கிணறு எண்டதுதானோ எண்டு மொழிபெயர்க்கிறவரைக் கேட்டது" என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நன்றாக நித்திரை கொண்டார்.

நான் பயந்ததுபோலவே கதை வந்தது. ஒரு கிழமை எடுக்கவில்லை, நாலு நாளில் வந்துவிட்டது. ஒருவரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சில வேளை அது அன்றோடு முடிந்திருக்கும். பொதுக் குசினியில் அவர் நுழைந்தால் அடுப்பை நிற்பாட்டிவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். அவர் கழுவி வைத்த சட்டி ஒவ்வொரு நாளும் குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது. அவர் எடுத்துக் கழுவி மறுபடி அதே இடத்தில் வைப்பார். மேல்மாடியில் இருந்த ஒருவன், அண்ணன் ஒருத்தனைத் தடுப்புக் காவலில் இழந்தவன், ஒருநாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான்.

"நீ எப்பிடியடா உவரோடை ஒரு அறைக்குள்ளை படுக்கிறாய்?" என்று என்னிடம் கேட்டான். அண்ணை கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

 அவனுடைய கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை, அண்ணையுடைய கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. அடுத்த நாள் ஹைம் பொறுப்பாளரிடம் போய், இரவில் படிக்க வசதியாக வேறு அறை வேண்டும் என்று கேட்டு மாறிக்கொண்டேன். என் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனபோது அண்ணைதான் கதவைப் பிடித்துத் திறந்து விட்டார்.

அதன் பிறகு ஒன்றரை வருசம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். படியில் கண்டால் தலையாட்டுவேன். வேறு ஒருவரும் பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும்.

கோடையில் அவருடைய அன்ட்ராக் நிராகரிக்கப்பட்டு வந்தது. கடிதத்தை வாசித்துச் சொல்ல அவருக்கு ஆளில்லை. ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முன்னுக்குப் பின் முரணான வாக்குமூலம், அரசாங்கத்தின் உத்தியோகத்தராக இருந்தவர், அரசாங்கத்தால் ஆபத்து என்பது ஏற்கத் தக்கதல்ல என்று எழுதியிருந்ததாம். ரீச்சர் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து மேன்முறையீடு போட்டார். அது கிடப்பில் கிடந்தது. அப்படிக் கிடக்கும் வரைக்கும் அவரைத் திருப்பி அனுப்ப ஏலாது என்று ரீச்சர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ அவருடைய நண்பன் என்று நினைத்தேன்" என்றார். அந்த வசனத்துக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

எண்பத்தேழில் ஊரில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. இந்திய இராணுவம் வந்து இறங்கியது. சண்டை நின்றுவிட்டது, இனி எல்லாம் சரிவரும் என்று நம்பிய கொஞ்ச நாட்கள் இருந்தன. ஹைமில் பாயாசம்கூடக் காய்ச்சினார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று எழுந்தவர் ஒருவர்தான்.

விரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைக்கும் படிவத்தோடு அவர் என் புது அறைக் கதவைத் தட்டினார். ஒரு மத்தியானம். என்னோடு இருந்தவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"இதை நிரப்பித் தாரும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நான் நிரப்பினேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஒராளைச் சந்திக்க வேணும் எண்டு எழுதும்" என்றார். எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார். அந்த எழுத்து உண்மையிலேயே அழகுதான். அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"அண்ணை, அந்தப் படத்தின்ர முடிவு... நான் சொன்னது பொய். அவன் ஒண்டும் சொல்லேல்லை. கடைசியிலை பெரியவன்ர கதிரையிலை போய் இருக்கிறான்."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"நீர் சொன்ன அடுத்த கிழமையே ரீச்சரிட்டைக் கேட்டனான். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜேர்மனிலை. அந்த மனுசி கதிரையிலை இருந்து நடிச்சுக் காட்டினவ."

"டெர்மினுக்கு முதலோ?"

"ஓம், முதல்."

"பிறகு ஏன் போய்ச் சொன்னனீங்கள்?"

படிவத்தின் மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். "அந்தக் கதிரையிலை இருக்க எனக்கு ஏலாது தம்பி. நீர் பொய் சொன்னது எனக்கு நல்லது நினைச்சுத்தானே. அதை யோசிச்சுக்கொண்டிருக்காதையும்" என்றார்.

இவ்வளவு நாளும் நான் தன்னோடு கதைக்காமல் விட்டதற்கு ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அவர் போன காலையில் ரீச்சருடைய சின்னக் கார் வாசலில் வந்து நின்றது. நான் குசினி யன்னலில் நின்றேன். என்னோடு நாலு பேர் நின்றார்கள். ஒருவன், "சனியன் துலைஞ்சுது" என்றான். கீழே இறங்கிப் போய்ப் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க எனக்கு முப்பது படிதான் இருந்தது. நான் போகவில்லை.

ஒரு மாதத்துக்குள் அங்கே சண்டை மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை வேறு இராணுவத்தோடு. எங்களில் ஒவ்வொருவரும் தபாலுக்கும் வானொலிச் செய்திக்கும் காத்துக்கிடந்தோம். என் அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மார்கழியில் ஒரு நீலக் கடிதம் வந்தது. அம்மா என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தேன். வெளியே அந்த அழகான எழுத்து. சண்டை தொடங்க இரண்டு நாள் முன்பு போட்டிருக்கிறார். அது எங்கெங்கோ கிடந்து வந்து சேர்ந்திருக்கிறது.

சுகம் விசாரித்த பிறகு நாலைந்து வரிகள்தான். தாயைக் கண்டுபிடித்துவிட்டாராம். அவ இப்போது மகளோடு இருக்கிறாவாம். இவரை வாசலிலேயே அடையாளம் கண்டுவிட்டாவாம். நடந்ததை இவர் சொல்லச் சொல்ல அவ அழவில்லை, ஏசவில்லை. முடிந்த பிறகு, பிள்ளையின் உடம்பில் எங்கெங்கே காயம் இருந்தது என்று மட்டும் கேட்டாவாம். "கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொன்னேன். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு போகச் சொன்னார். போனேன்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். மன்னித்தாவா இல்லையா என்று எழுதவில்லை. அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்றும் எழுதவில்லை.

அந்த முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. சில வருசத்துக்குப் பிறகு ஹம்பேர்க்கில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், அண்ணையின் கடிதம் வந்த நகரத்து ஆள் ஒருவரைச் சந்தித்தேன். அந்தப் பகுதியில் செல் அடித்த நாட்களில் சனம் திசைக்கொன்றாகப் போய்விட்டது, அப்படி ஒருவரைத் தான் கேள்விப்படவில்லை என்றார்.

ஆனால் அதற்கு முன்பே, எண்பத்தெட்டின் தொடக்கத்தில், எனக்கு டெர்மின் வந்துவிட்டது. நான் எனக்கென்று எழுதிய வாக்குமூலத்தில் எங்கள் வீட்டை ஆமி எரித்தது என்றும், உள்ளே இருந்த என் அப்பா அதில் செத்தார் என்றும் இருந்தது. எரிந்தது பக்கத்து வீடு. செத்தவர் அந்த வீட்டுக்காரர். என் அப்பா அதற்கு ஒரு வருசம் முன்பே நெஞ்சு வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் செத்தவர். பக்கத்து வீட்டுக்காரருக்காக எழுதிச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. நான் அவருடைய சாவை எடுத்து என் பெயரில் எழுதிவிட்டேன்.

அதிகாரி அமைதியான மனிதர். வாக்குமூலத்தை மெதுவாக வாசித்துவிட்டு, இதில் எழுதியிருப்பவை எல்லாம் உண்மையா, ஏதாவது திருத்தவோ சேர்க்கவோ வேண்டுமா என்று கேட்டார். எனக்கு ஜேர்மன் விளங்கினாலும் முறைப்படி மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அண்ணைக்கு வந்தவரும் இவரே. தட்டெழுத்துக்காரி விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யன்னலுக்கு வெளியே யாரோ பனியை வழித்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் தந்தார்கள். அவசரப்படுத்தவில்லை.

"எல்லாம் உண்மை. திருத்த ஒண்டும் இல்லை" என்றேன்.

நாலு மாதத்தில் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. எங்கள் ஹைமில் அந்த வருசம் கிடைத்த முதல் ஆள் நான். ரீச்சர் தன் கையால் ஒரு அப்பிள் கேக் செய்து கொண்டுவந்தார். மேல்மாடிக்காரர் எல்லாரும் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அண்ணனை இழந்தவன் எனக்காக ஒரு பாட்டுப் பாடினான். ரீச்சர் கேக்கை வெட்டி முதல் துண்டை என் கையில் தந்து, "உண்மை கடைசியில் வென்றுவிட்டது" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அதைச் சாப்பிட்டேன்.